எண்பது வாட் பிள்ளைகள்

முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வர, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் மடங்கி உட்கார்ந்துகொண்டு டன் சார் எண்ணிக்கொண்டிருந்தார். "முப்பத்தாறு பல்பு. ஒண்ணொண்ணும் அறுபது வாட். டீச்சர் ஒரு நூறு வாட். கடைசி பெஞ்ச்ல அந்தப் பையன் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறான், அவனை மட்டும் எண்பதுன்னு போட்டுக்கலாம்." பக்கத்தில் இருந்த குழந்தை அவருடைய ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. அவர் தடுக்கவில்லை. பட்டன் கையோடு வந்ததும் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

பிள்ளைகளைப் பல்பு என்று சொல்வதில் அவருக்கு மரியாதைக் குறைவான எண்ணம் எதுவும் கிடையாது. மனுஷ உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே சூடு விட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பது அவர் கண்டுபிடித்த, அல்லது கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற உண்மை. "எல்லாரும் வெயிலைத் திட்டறாங்க டீச்சர். வெயில் பாதிதான். மீதி நாமதான்," என்றார் என்னிடம். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். எத்தனை வாட் என்று கணக்குப் போடுகிறார் என்று புரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கும் சேர்த்து ஐந்து வாட் போட்டிருப்பார்.

எங்கள் நிர்வாகத்துக்குப் பதினான்கு பள்ளிக்கூடங்கள். எந்த வகுப்பறைக்கு ஏ.சி. போடலாம், எத்தனை டன், எந்தச் சுவரில், அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் யார் தலையில் விழும், எல்லாவற்றையும் முடிவு செய்கிற ஒரே ஆள் இவர். பெயர் இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. "ஒண்ணரை டன், ரெண்டு டன், இல்ல, ஒண்ணேமுக்கால்" என்று நடந்தபடியே முணுமுணுத்துக்கொண்டு முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது, ஏதோ லாரி பின்னால் வருகிறதாக்கும் என்று எங்கள் காவலாளி பெரிய கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார்.

இத்தனை ஏ.சி. மாட்டிய மனிதருக்கு ஏ.சி. ஆகாது. இனிப்புக் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்த கதைதான். குளிர்ந்த காற்று பட்டால் ஏழு தும்மல் வரும், ஆறுமில்லை, எட்டுமில்லை. அதனால் மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் சாம்பல் நிற ஸ்வெட்டர். போகும் இடமெல்லாம் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "உடம்பு சரியில்லையா சார்?" என்று யாராவது பாவம் பார்த்துக் கேட்டால், "இல்லைங்க, தொழில்," என்பார்.

நான் ஏன் மூன்று நாள் இவர் பின்னால் அலைந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்னால் என் மானம் போகும். போகட்டும்.

நான் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு வகுப்பாசிரியை. எங்கள் அறை மேல்மாடியில் மேற்கு மூலை. மேலே மொட்டை மாடி, பக்கத்தில் நாள் முழுக்க வெயில் குடிக்கிற சுவர். மத்தியானத்துக்கு மேல் பிள்ளைகளின் முழங்கை மேஜையில் ஒட்டிக்கொள்ளும். எடுத்தால் சத்தம் வரும். நாற்பத்துநாலு பேரில் முப்பது பேர் கண் திறந்தபடி தூங்குவார்கள், மீதிப் பேர் மூடியபடி. போன பரீட்சையில் ஒரு பெண் விடைத்தாள் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கி எழுந்தாள். கன்னத்தில் பின்ன வகுத்தல் அப்படியே அச்சாகியிருந்தது. தாளில் அழிந்துபோன விடையை நான் அவள் முகத்தைப் பார்த்துத் திருத்தினேன். அதுவும் தப்பு விடை. வருடக் கடைசிப் பரீட்சை இன்னும் இரண்டு மாதத்தில், உச்ச வெயிலில், அதே அறையில். எனக்கு அந்த அறைக்கு ஒரு ஏ.சி. வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அந்த வருடத்தில் எனக்கு வேறு இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தலைமையாசிரியையிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'நாளை காலை நிர்வாகத்திலிருந்து ஒருவர் வகுப்பறைகளைப் பார்வையிட வருகிறார். தக்கபடி தயாராக இருக்கவும்.' அவ்வளவுதான். எதற்கு வருகிறார், என்ன பார்ப்பார், ஒரு வார்த்தை இல்லை. பதினெட்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு, ஃபைலோடு ஒருவர் வருகிறார் என்று கேட்டாலே கை தானாக வாளியைத் தேடும். புதன்கிழமை ஏழரை மணிக்கே போய்விட்டேன். தரையை இரண்டு தடவை கழுவினேன். தூசி வரக்கூடாது என்று நாலு ஜன்னலிலும் ஈரத்துணி கட்டினேன். பிள்ளைகளில் வாயாடிகள், குறும்பர்கள், சட்டை கசங்கியவர்கள் என்று இருபத்திரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, "லைப்ரரில போய் அமைதியாப் படிங்க," என்று அனுப்பிவைத்தேன். மிச்சம் இருபத்திரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும்.

ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் போட்ட ஒரு மனிதர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் சூடும் ஈரமும் அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று. அதைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார், எழுதினார், போய்விட்டார். தலைமையாசிரியை என் தோளைத் தட்டி, "வகுப்புன்னா இப்படி இருக்கணும். அந்த சாருக்குக் கூட இருந்து நீங்களே சுத்திக் காட்டுங்க, மூணு நாளைக்கு உங்க மத்த பீரியடெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார். நானும் உச்சி குளிர்ந்து போய் நின்றேன். மாடிப்படி இறங்கும்போதுதான் அவர் நோட்டில் எட்டிப் பார்த்தேன். 'ஏழு-பி. இருபத்திரண்டு பேர். இருபத்தேழு டிகிரி. ஏ.சி. தேவையில்லை.'

இரண்டு படி தாவி இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். "சார், இன்னொரு தடவை வந்து அளக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டேன், பாதி உண்மையாக. டன் சார் நின்றார். கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார். "எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இதைத்தான் கேக்கறாங்க டீச்சர். முப்பத்தொரு வருஷமா ஒரு ரூமை நான் ரெண்டாவது தடவை அளந்ததில்ல. ஒரு தடவை அளந்தா அளவு. ரெண்டாவது தடவை அளந்தா அது சிபாரிசு." இதற்கு மேல் சொல்வதானால், பாதி வகுப்பை ஒளித்துவைத்த கதையைச் சொல்ல வேண்டும். அது தலைமையாசிரியை காதுக்குப் போகும். தோளைத் தட்டிய அதே கை காதைத் திருகும். அவர் பின்னால் நடந்தேன்.

பள்ளிக்கு மொத்தம் ஆறு ஏ.சி.தான் இந்த வருடம். பட்டியலை வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் கொடுத்துவிடுவார். அதற்குள் ஏதாவது வழி பிறக்காதா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இத்தனை விஷயம் எனக்குத் தெரியும்.

எந்த அறையிலும் முதலில் நுழைவது அவர் இல்லை, அவர் குச்சி. ஒரு முழ நீளக் குச்சியின் நுனியில் மெல்லிய காகிதத்தை வால் மாதிரி ஒட்டியிருப்பார். அதைக் கதவருகில் நீட்டுவார், ஜன்னலில் நீட்டுவார், மின்விசிறிக்குக் கீழே நீட்டுவார். வால் எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் அவரும் போவார். டிராயிங் மாஸ்டர், மனுஷர் ஏதோ ஈ ஓட்டுகிறார் என்று நினைத்து உதவிக்கு வந்து ஜன்னலைச் சாத்தினார். "சாத்தாதீங்க சார், காத்து எங்க போகுதுன்னு இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சுது," என்றார் டன் சார். ஏ.சி. போட்டாலும் ஒரு ஜன்னல் நாலு விரல் அகலத்துக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். "பேசின காத்து வெளிய போகணும் டீச்சர். ஒரே காத்தை நாப்பது பேர் மாத்தி மாத்தி மூச்சு விட்டா தூக்கம்தான் வரும். அப்புறம் ஏ.சி. போட்டும் பிள்ளைங்க தூங்குதேன்னு என்னையத் திட்டுவாங்க."

அறைக்குள் டீ குடிக்க மாட்டார். டம்ளர் உள்ளே வந்தால் அளவு கெட்டுவிடுமாம். வராந்தாவில், மீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாயைச் சுவர் பக்கம் திருப்பி ஊதி ஊதிக் குடிப்பார். ஒரு நாள் நான் டம்ளரோடு தெரியாமல் பக்கத்தில் போய்விட்டேன். மீட்டரை ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டார்.

சத்தத்துக்கு அவர் வைக்கிற பரீட்சை தனி. ஏ.சி. குளிரடித்தால் மட்டும் போதாது, டீச்சர் பேசுவது கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்பார். எட்டு-ஏ வகுப்பில் இங்கிலீஷ் டீச்சரைப் பத்து வார்த்தை சொல்லச் சொல்லி, பிள்ளைகளை எழுதச் சொன்னார். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை, ஒரு ஏ.சி.யின் சத்தத்தைப் பதிவுசெய்து வைத்திருந்ததை போனில் ஓடவிட்டு. மூன்றாவது தடவை, அதைவிட இரைகிற இன்னொன்றை ஓடவிட்டு. கடைசி பெஞ்ச் விடைகளைத் திருத்திப் பார்த்தால் முதல் தடவை ஆறு தப்பு, இரண்டாவது தடவை நாலு, காதைப் பிளக்கிற மெஷினுக்கு இரண்டே தப்பு. டன் சார் தலையைச் சொறிந்தார். "சத்தம் ஜாஸ்தியானா பிள்ளைங்க கவனிக்குது போலிருக்கே. முப்பத்தொரு வருஷமா இது எனக்குத் தெரியாமப் போச்சே," என்று எழுதக்கூடப் போனார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி நிதானமாகச் சொன்னாள்: "சார், மூணு தடவையும் அதே பத்து வார்த்தையைத்தான சொல்ல வச்சீங்க." அவர் அசடு வழியச் சிரித்து, புதிதாகப் பத்து வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டார்.

ரிமோட் பற்றிப் பேச்செடுத்தால் முகம் கறுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரு ரிமோட்டின் ஆயுள் பதினோரு நாள் என்பது அவர் அனுபவம். ஒரு பள்ளியில் அதற்கு இரண்டு கட்சி உண்டாகி, பதினெட்டு டிகிரிக் கட்சியும் இருபத்தாறு டிகிரிக் கட்சியும் இடைவேளையில் கைகலந்ததாம். இப்போது அவர் பட்டியலில் எழுதுகிற ஏ.சி. எல்லாம் சுவரில் பூட்டு வைத்த பெட்டிக்குள் சுவிட்ச் உள்ளவை. சாவி டீச்சரிடம். "டீச்சருங்க மட்டும் சண்டை போட மாட்டாங்களா?" என்று கேட்டேன். "போடுவாங்க. ஆனா கொஞ்சம் மெதுவாப் போடுவாங்க," என்றார்.

ஆட்களை அவர் வாட்டில்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார். விளையாட்டு மாஸ்டர் தன் கணக்கைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். நூற்றைம்பது என்று சொன்னதும் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். தலைமையாசிரியை வராந்தாவில் காவலாளியை, கேட்டை ஏன் அகலத் திறந்தாய் என்று காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, டன் சார் தூண் மறைவில் நின்று மீட்டரை அந்தப் பக்கமாக நீட்டினார். "மேடம் இருநூறைத் தொட்டுட்டாங்க," என்று என் காதருகில் சொன்னார். சிரிப்பை அடக்கி எனக்கு வயிற்று வலி வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் போன் அடித்தது. இரண்டு கையிலும் அளக்கிற டேப் இருந்ததால் என்னை எடுக்கச் சொன்னார். மறுபக்கம் அவர் மனைவி. நான் யார் என்று சொன்னேனோ இல்லையோ, பிடித்துக்கொண்டார். "டீச்சரா? நீங்களே நியாயம் சொல்லுங்க டீச்சர். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் குளிருக்கு ஏற்பாடு பண்றார். வீட்ல ஃபேனை ரெண்டுக்கு மேல வைக்க விட மாட்டார். ரெண்டுல வச்சிட்டு, திருகற குமிழைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு வேலைக்கு வந்துடறார். நான் தினம் குறடு வச்சுத் திருப்பறேன். இன்னைக்குக் குறடையும் காணோம்." நான் டன் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டேப்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தன் கால்சட்டைப் பைகளைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் குமிழ் அளவுக்கும், இன்னொரு பக்கம் குறடு அளவுக்கும் புடைத்திருந்தது.

"எங்க கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்று அந்த அம்மா விடவில்லை. "தாலி கட்டற வேளைல எங்கப்பாகிட்ட, மாமா, முன்னூத்தம்பது பேருக்கு இந்த மண்டபம் தாங்காது, நூறு பேரை வெளிய நிக்கச் சொல்லுங்கன்னார். எங்கப்பா நின்னார், பாவம்."

இப்படி எல்லாவற்றையும் சிரிப்பாகவே பார்த்திருக்கலாம். ஆனால் வியாழக்கிழமையே அவரிடம் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். மீட்டரை நம்பாமல் பார்க்க ஆரம்பித்தார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'இவன்'. "இவன் பொய் சொல்ல மாட்டான் டீச்சர்," என்று முதல் நாள் சொன்னவர், இரண்டாம் நாள் அவனை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். மதியம் மருத்துவ அறையில் பார்த்தேன்: வாயில் நர்ஸம்மாவின் தெர்மாமீட்டர், அக்குளில் அவருடைய மீட்டர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நர்ஸம்மா அவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னார். என்ன சார் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல," என்று நகர்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை சாயந்திரம் ஆசிரியர் அறை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கூச்சம். அதற்குள் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் வருகிறார் என்றதும் எங்கள் ஆட்கள் பதினோரு பேரும் உள்ளே வந்து அடைந்துகொண்டார்கள். ஜன்னலை எல்லாம் சாத்தினார்கள். மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து மூடியைத் திறந்துவைத்தார்கள். நகல் எடுக்கும் மெஷினை ஓடவிட்டார்கள். வெற்றுத் தாளாக வந்து விழுந்தபடி இருந்தது. விளையாட்டு மாஸ்டர் மாடிப்படியில் ஏழு தடவை ஏறி இறங்கி, வியர்க்க விறுவிறுக்க வந்து மீட்டர் வைக்கும் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றேன். முப்பத்தைந்து டிகிரி காட்டியது. பட்டியலில் ஆறாவது இடம் ஆசிரியர் அறைக்கு. அவர் வெளியே போனதும் கைதட்டினார்கள். விளையாட்டு மாஸ்டரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள், நூற்றைம்பது வாட்டைத் தூக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. ஆறு அறைகளும் எழுதி முடித்த பட்டியல் ஃபைலில் இருந்தது. டன் சார் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து, மீட்டரைத் தன் பெரிய கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தார். மெதுவாக, நான்கு மூலையும் மடித்து.

"இவன் கதை முடிஞ்சுது டீச்சர்," என்றார். "பதினாறு வருஷம். உங்க ஏழு-பில தொடங்குச்சு. மழை இல்ல ஒண்ணு இல்ல, ஈரம் எண்பதுன்னு காட்டறான். மேற்கு மூலை மொட்டை மாடி ரூம், காலைல ஒன்பது மணிக்கே முப்பதைத் தாண்டியிருக்கணும், இருபத்தேழுன்னு காட்டறான். நேத்து ஸ்டாஃப் ரூம், கீழ்த்தளம், கிழக்குப் பக்கம், மர நிழல். அங்க முப்பத்தஞ்சுங்கறான். பாத்ரூம்ல வச்சுப் பாத்தேன், அக்குள்ல வச்சுப் பாத்தேன், அங்கெல்லாம் சரியாத்தான் சொல்றான். ஆனா ரூம்ல பொய் சொல்றான். மெஷினுக்கு வயசானா இப்படித்தான் ஆகும் போல. மாத்தச் சொல்லி எழுதிட்டேன்." கைக்குட்டை முடிச்சைப் போட்டுவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தலைமையாசிரியைக்குப் பயந்து இரண்டு நாள் மென்று முழுங்கினேன். ஆனால் ஒரு பாவமும் அறியாத அந்த மீட்டரை என் பொருட்டு மூட்டை கட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "சார், பொய் சொன்னது அது இல்ல. நான்தான்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டாக்டர் நோயாளியிடம் கேட்பது போலக் கேட்டார். "தரை கழுவினீங்களா? எத்தனை தடவை?"

"ரெண்டு."

"ஈரத்துணி?"

"நாலு ஜன்னலுக்கும்."

"மீதிப் பிள்ளைங்க?"

"லைப்ரரில இருந்தாங்க சார். இருபத்திரண்டு பேர்."

அவர் மனதுக்குள் பெருக்கினார். உதடு அசைந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எண்பது வாட், ஒரு டன் ஏ.சி. விரட்டுகிற சூடு மூவாயிரத்தைந்நூறு வாட். இருபத்திரண்டு பிள்ளை என்றால் அரை டன். அரை டன்னை நான் லைப்ரரிக்கு அனுப்பியிருந்தேன்.

"ஸ்டாஃப் ரூம்?" என்றார்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். சொன்னால் பதினோரு பேரும் என்னை உயிரோடு விட மாட்டார்கள். சொல்லாவிட்டால் மீட்டர் பாதி பொய்யனாகவே இருந்துவிடும். கெட்டில், நகல் மெஷின் என்று ஆரம்பித்து விளையாட்டு மாஸ்டர்வரை ஒப்பித்தேன். "அதானே, அவர் ஏன் அப்படி மூச்சு வாங்கறார்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்," என்றார் டன் சார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவசர அவசரமாக முடிச்சை அவிழ்த்தார். "தப்பா நினைச்சுட்டேன்டா, மனசுல வச்சுக்காத," என்று மீட்டரிடம் சொல்லி அதை ஸ்வெட்டரில் துடைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அப்ப ஏழு-பியை மறுபடி அளப்பீங்களா சார்?" என்றேன், குரலே எழும்பாமல்.

"மறுபடியா? அதெப்படி? ஒரு ரூமை ரெண்டாவது தடவை அளக்கறதில்லன்னு சொன்னேன்ல?" என்றார். அவர் எழுந்து ஃபைலை எடுத்துக்கொண்டார். "நான் அளந்தது தரை கழுவின ரூம், ஈரத்துணி கட்டின ரூம், இருபத்திரண்டு பேர் உக்காந்த ரூம். அது ஏழு-பி இல்லையே. ஏழு-பியை நான் இன்னும் பாக்கவே இல்ல. வாங்க, போவோம்."

அன்று மூன்று மணிக்கு விளையாட்டுப் பீரியட் முடிந்து நாற்பத்துநாலு பேரும் ஓடி வந்து விழுந்தார்கள். ஒருவரையும் லைப்ரரிக்கு அனுப்பவில்லை. ஜன்னலில் துணி இல்லை. டன் சார் கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். நான் பின்னங்களை நடத்தினேன். பத்து நிமிடத்தில் முன்வரிசையில் தலைகள் தொங்க ஆரம்பித்தன. இருபதாவது நிமிடம் திரும்பிப் பார்த்தால், ஸ்வெட்டருக்குள் டன் சார் குளித்து எழுந்தவர் போல இருந்தார். கழற்றலாம் அல்லவா? கழற்றவில்லை, அது என்ன பிடிவாதமோ. பக்கத்து மாணவன் தன் கணக்கு நோட்டால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தான். அந்த நோட்டு அதற்குமுன் எதற்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

"முப்பத்தேழு," என்றார் மணி அடித்ததும். "பிள்ளைங்க ஒரு டன். சுவரும் மாடியும் ஒரு டன். ரெண்டு டன் போடணும்." பட்டியலைப் பிரித்து மேஜையில் வைத்து, பேனாவை என்னிடம் நீட்டினார். "ஆறுதான் இருக்கு. கீழ உள்ளதை நீங்களே அடிச்சிடுங்க டீச்சர். அந்த ரூம்ல டீ குடிக்கறது நீங்கதானே." ஆறாவது வரியில் 'ஆசிரியர் அறை' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. பதினோரு முகமும் என் கண்முன் வந்து நின்றன. திங்கட்கிழமையிலிருந்து நான் எந்த மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடப்போகிறேனோ என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். மேலே 'ஏழு-பி' என்று கோணாமல் எழுதினேன்.

டன் சார் கரும்பலகையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கச் சுவரை ஒட்டிய பெஞ்ச் மேல் ஏறி, ஏ.சி. வரப்போகிற இடத்தில் நீளமாக ஒரு கட்டம் வரைந்தார். அதிலிருந்து காற்று வரும் திசையைக் காட்டக் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. பிள்ளைகள் ஹோவென்று கத்தி மேஜையைத் தட்டினார்கள். ஒருவன் அதற்குள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குளிர்கிறது என்று நடுங்கிக் காட்டினான்.

அவர் கீழே பார்த்தார். அம்புக்குறிக்கு நேராக, வருடம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இறங்கி வந்து, "கொஞ்சம் தள்ளிக்கோம்மா," என்று அவள் இடத்தில் தான் உட்கார்ந்தார். நோட்டில் எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்து, பிடரியில் காற்று விழப்போகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் பெஞ்ச் மேல் ஏறி, அம்புக்குறியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, கூரையை நோக்கி வரைந்தார்.